கிளிக்குச் சொன்ன சொல்

“‘பறந்து போ’ன்னு பாடும்மா. திரும்பவும் ‘வா’ன்னே முடிக்கியே.”

பேராசிரியர் மந்திரமூர்த்தி ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார். நாட்டுப்பாடல்களின் பாடபேதங்களை ஒப்புநோக்கியே தலை நரைத்தவர். அன்று மாலை வானொலியில் ஒலிக்கவிருக்கும் பாடலுக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மெட்டில்டா தலைகுனிந்து நின்றாள்.

“கூண்டைத் திறந்து கிளிக்கு விடுதலை கொடுக்கிற பாட்டு இது. ஆத்தங்கரை ஊர் எல்லாத்துலயும் ‘கதவு திறந்திருக்கு கிளியே, கடல் தாண்டிப் பறந்து போ’ன்னுதான் பாடுதாங்க. ‘வா’ன்னா, திரும்பக் கூண்டுக்குள்ளயா?”

“எங்க கரையில இப்படித்தான் சார் பாட்டு.”

“அப்ப உங்க கரையில தப்பாப் பாடுதீங்க.”

ஒலிப்பதிவாளர் ஜெஸ்டின் குறுக்கிட்டான். “அக்கா, ஒத்தை எழுத்துதான? பாடிருங்க. இல்லன்னா சாயங்காலம் வேற ஆள் பாட்டுதான்.”

“எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு, தம்பி. வள்ளத்துல ரேடியோ உண்டு. எம் பாட்ட அவரு கேக்கணும்னுதான் வந்தேன்.” சற்றுத் தயங்கினாள். “அவரு கேப்பாருல்லா. அதான் அந்தச் சொல்லு வாயில வரல.”

மந்திரமூர்த்திக்கு விளங்கிவிட்டது. கணவன் காதில் விழும் என்றால் விடுதலையைப் பாடவும் அஞ்சுகிறாள். பாட்டில் இருந்த கூண்டு இவள் வீட்டிலும் இருக்கிறது.

“வேற பாட்டு வை, ஜெஸ்டின்.”

மெட்டில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. மகள் சண்முகசுந்தரி. கனடாவுக்கு விமானம் ஏறக் காத்திருந்தாள்.

“அப்பா, கூப்பிட்டாச்சு. நான் போறேன்.”

“ஏளா, என்ன பேச்சு இது? போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“நேரமாச்சுப்பா...”

“சொல்லிட்டு ஏறு.”

“சரி. போயிட்டு வாரேன்ப்பா.”

கைப்பேசியை வைக்கப்போன கை பாதியிலேயே நின்றது.

கணவன் கடலுக்குப் போயிருக்கிறான் என்றுகூட மெட்டில்டா சொல்லவில்லை. கடலில் இருக்கிறான் என்றாள். வந்ததிலிருந்து அந்த ஓர் எழுத்து அவள் வாயில் தவறியும் வரவில்லை. எத்தனை தலைமுறைப் பெண்கள், கரையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு காத்த பாடம் அது.

மந்திரமூர்த்தி எழுந்து நின்றார்.

“உங்க கரைப் பாட்டையே பாடுங்க, அம்மா. நான் கேட்டுக்கிடுதேன்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. மெட்டில்டா கண்களை மூடிக்கொண்டாள். கடைசி அடி வந்தபோது, அவளோடு சேர்ந்து மந்திரமூர்த்தியின் உதடுகளும் அசைந்தன.

“கதவு திறந்திருக்கு கிளியே,
கடல் தாண்டிப் பறந்து வா.”