கரடியின் தேன்கடையில் இரண்டு மென்பொருள்கள்

தேன்கடைக் கரடிக்கு மறதி அதிகம். வாடிக்கையாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் கம்ப்யூட்டரில் இரண்டு மென்பொருள்களைச் சோதனைக்கு ஏற்றி, வருபவர்கள் சொல்வதையெல்லாம் இரண்டிலும் பதிந்துவந்தது.

மழைக்காலம் முடிந்ததும் ஆமை வந்தது. கரடிக்கு முகமே நினைவில்லை.

"விற்பனை வாய்ப்பு அறுபது சதவீதம்!" என்று கலர் கலராகப் படம் போட்டது முதல் மென்பொருள்.

இரண்டாவது, கேமராவில் முகத்தைப் பார்த்து மெல்லப் பேசியது. "வாங்க ஆமையக்கா. போன தடவை மகனுக்கு இருமல்னு தேன் வாங்கினீங்களே, இப்போ எப்படியிருக்கான்?"

ஆமையின் கண் கலங்கியது. "தேறிட்டான். இதுவரைக்கும் யாருமே கேக்கலையே!"

கரடி சாமி சிலையைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னதை நீங்க பதிஞ்சு வச்சதுதான், முதலாளி."

கரடி முதல் மென்பொருளை நீக்கியது. பிறகு ஆமைக்கு ஸ்டூல் போட்டு, எதிரே உட்கார்ந்து, "பையன் பேரு என்னக்கா?" என்று கேட்டது.