இடது பக்கம் யார்?

காலையிலிருந்து இது எட்டாவது ஆன்லைன் இன்டர்வியூ. இளஞ்செழியனுக்குக் கழுத்து வலி தோளுக்கு இறங்கியிருந்தது.

சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு திருவிடைமருதூருக்கே வந்துவிட்டவன். இப்போது மானேஜர். இதுவரை பார்த்த ஏழு பேரில் நாலு பேர் காப்பி. ஒருத்தனுக்குக் கதவுக்குப் பின்னால் நின்றே ஓர் ஆள் பதில் சொல்லிக்கொடுத்தான். சே, என்ன பிழைப்புடா இது!

இப்போது திரையில் ஷோபனா. பூம்புகார் பக்கம் ஒரு கிராமம். படித்து முடித்து இரண்டு வருஷமாக வேலையில்லை. இதில் தேறிவிட்டால் வேலை.

"ஜாவாவுல ஸ்விட்ச்சுக்குப் பேட்டர்ன் மேட்சிங் வந்திருக்கே, அது என்னம்மா?"

அந்தப் பெண் சட்டென்று இடது பக்கம் பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"முன்னாடியெல்லாம் ஸ்விட்ச்ல நம்பர், எழுத்து இப்படித்தான் சார் ஒப்பிட முடியும். இப்ப உள்ள வர்றது என்ன வகைன்னே பாத்துப் பிரிக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கேஸ்."

இளஞ்செழியன் வலது பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். சரிதான். வரிக்கு வரி சரி.

"பொதுவான கேஸை மேல வெச்சு, குறிப்பானதைக் கீழ வெச்சா?"

மறுபடி இடது பக்கம்.

"கம்பைலரே விடாது சார். மேல இருக்கறதே எல்லாத்தையும் வாங்கிக்கும், கீழ இருக்கற கேஸுக்கு ஒண்ணுமே வராது. எங்க ஊர் கடைமடை வாய்க்கால் மாதிரி."

இதுவும் சரி. கடைமடை மட்டும்தான் புதுசு. இவ்வளவு சரியாக எவள் சொல்வாள்? பக்கத்தில் ஆள் இருக்கிறது, சந்தேகமே இல்லை. 'காப்பி அடிக்கிறார், வேண்டாம்' என்று குறிப்பில் டைப் செய்தான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இடது பக்கம் யாரும்மா உக்காந்திருக்கா?"

"யாருமில்ல சார்."

"லேப்டாப்பைத் திருப்புங்க."

"சார்..."

"திருப்புங்கன்னேன்."

திருப்பினாள். ஜன்னல். வெளியே பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கருகருவென்று மேகம்.

"குறுவை நெல்லு சார். அம்மா படுதா வாங்கப் போயிருக்காங்க. நனைஞ்சா அத்தனையும் முளைச்சிடும். அதான் மேகத்தைப் பாத்துப் பாத்து... மன்னிச்சுக்குங்க சார்."

இளஞ்செழியனுக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அவனும் இதே மாதிரி ரோட்டில் நெல்லைக் காயவைத்து, அதை விற்ற காசில் படித்தவன்தான். டைப் செய்ததை அவசரமாக அழித்தான்.

"அம்மா வந்துட்டாங்களா?"

"இதோ, தெருமுனையில வர்றாங்க சார்."

"போங்கம்மா, ரெண்டு பேருமா முதல்ல நெல்லை மூடிட்டு வாங்க. நான் இருக்கேன்."

லேப்டாப்பைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு அவள் ஓடினாள். பத்து நிமிஷம் அவன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த மானேஜர் இப்படி இருப்பான்? அத்தனை அலுப்பிலும் தன் நல்ல மனசை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தலை நனைந்து, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள் ஷோபனா.

"மூடியாச்சு சார். நீங்க நல்லா இருக்கணும்."

"பரவால்லம்மா. அடுத்த கேள்வி..."

இளஞ்செழியன் வலது பக்கம் திரும்பினான். அங்கே இன்னொரு திரையில், அவன் டீமில் இருக்கும் ஜூனியர் பையன் அஸார் கேள்வியும் பதிலுமாக எழுதி அனுப்பிய பட்டியல் திறந்திருந்தது. ஜாவாவைத் தொட்டே பத்து வருஷமாகிறது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு கேள்விகூட நகராது.

ஷோபனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்களும் அப்பலேருந்து வலது பக்கமே பாத்துக்கிட்டு இருக்கீங்க. உங்க வீட்டு வாசல்லயும் நெல்லு காயுதுன்னா போய் மூடிட்டு வாங்க. நான் இருக்கேன்."