இடுப்புச் சூடு

திருமழிசை தொழிற்பேட்டையில் மழை விடாமல் பெய்கிறது. காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. மூலிகை மருந்துக் கம்பெனியின் பின்னறையில், செல்களை வெதுவெதுப்பில் வளர்க்கும் பெட்டி ஜில்லிட்டுக் கிடக்கிறது. ஆராய்ச்சி செய்யும் வசந்தகுமாரி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் புடவைக் கொசுவத்தில் செருகி, வயிற்றோடு அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மனிதத் தோல் செல்கள். அதில் நெல்லிக்காய்ச் சாறு கலந்திருக்கிறது. சாறு கலக்காத குப்பி, எதிரே உட்கார்ந்திருக்கும், கம்பெனியில் பெருக்கும் வேலை செய்யும் லூர்தம்மாளின் மடியில்.

“சாறு ஊத்துனது பொயச்சா போதாதா? இத்த இன்னாத்துக்கும்மா நான் அடகாத்துகினு கீறேன்?” என்கிறாள் லூர்தம்மாள்.

“அது குளிர்ல செத்துட்டா, நெல்லிக்காதான் இதைக் காப்பாத்துச்சுன்னு நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ரெண்டுக்கும் ஒரே சூடு இருந்தாத்தான், எது மெதுவா கிழடாகுதுன்னு தெரியும்.”

லூர்தம்மாள் முந்தானையை இழுத்துக் குப்பியின்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறாள். தகரக் கூரையில் மழை இரைகிறது. மேசையில் இரண்டு டீயும் ஆறி, ஆடை படர்ந்து நிற்கிறது. குப்பி நழுவிவிடுமோ என்று, எழுந்து எடுக்க இருவருக்கும் துணிவில்லை. சட்டென்று ட்யூப்லைட் சிமிட்டி எரிகிறது. பக்கத்து ஷெட்டில் ஆரவாரம். வசந்தகுமாரி கை நீட்டுகிறாள். லூர்தம்மாள் குப்பியைக் கொடுக்காமல், மெல்ல எழுந்துபோய்ப் பெட்டிக்குள் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள்.

“இன்னும் ஜில்லுனு கீது. எஞ்சூடு வரட்டும் இந்தப் பொட்டிக்கு. அப்பால தரேன்.”