யாரோடும் ஒட்டாத மணல்

கடற்கரையில் அள்ளிய மணலை ஆலையில் காந்தத்துக்கு அடியில் ஓடவிட்டார்கள். கருமணல் தாவிப்போய் ஒட்டிக்கொண்டது. அதோடு கலந்திருந்த ஜிர்கான் மணல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நமக்கு யார் சங்காத்தமும் வேண்டாம். எவன் எப்படிப் போனா என்ன, நான் வழிவிட்டு ஒதுங்கிக்குவேன்" என்றது.

அந்தக் குணத்துக்காகவே அதைக் கப்பலேற்றினார்கள். அதிலிருந்து ஜிர்கோனிய உலோகத்தைப் பிரித்துக் குழாயாக்கி, வயிற்றில் யுரேனிய வில்லைகளை அடுக்கி, அணு உலைக்குள் இறக்கினார்கள். வில்லைகள் வருடக்கணக்கில் கக்கிய நியூட்ரான் கதிருக்கெல்லாம் குழாய் வழிவிட்டது.

கடைசியில், எரிந்து தீர்ந்த வில்லைகளோடு அதை ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டு மனிதர்கள் கதிர்வீச்சுக்குப் பயந்து எட்டிப்போனார்கள்.

"நான் ஒண்ணும் செய்யலையே, என்னை ஏன் யாரும் தொடமாட்டேங்கிறாங்க?" என்று குழாய் புலம்பியது. "வில்லையண்ணே, நீங்களாவது என்னை விட்டு இறங்கிப் போங்க."

"எங்க தம்பி இறங்குறது?" என்றது உள்ளிருந்த வில்லை. "வெந்த வேக்காட்டுல உன்னோட ஒட்டிப்போயிட்டேனே."