கொடி காட்டுகிற பிள்ளை

அந்தப் பொட்டலத்தை வாங்க டீச்சருக்குக் கை வரவில்லை.

அவித்த பனங்கிழங்கு. வாழை இலையில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.

ஜெசிந்தாவின் அம்மா நீட்டியபடியே நின்றாள். உப்பளத்துக்குப் போகிற அவசரம். தூக்குவாளி முழங்கையில் தொங்கியது.

“ராத்திரி பூரா காய்ச்சல் டீச்சர். இன்னைக்கு வீட்ல கெடடின்னா கேக்க மாட்டேங்கா. நான் போகலைன்னா ரயிலு ஓடாதும்மாங்கா. எத்தன பிள்ளைய இருக்கு, எம்பிள்ளைய பாத்து கொடிய குடுத்திருக்கீங்களே. நீங்க நல்லாருக்கணும்.”

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

கோயிலை ஒட்டிய சின்னப் பாலர் பள்ளி அது. மதியம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் ரயில் விடுவார்கள். முன்னால் நிற்பவரின் தோளில் பின்னால் நிற்பவரின் கை. இஞ்சின் கூவும். வகுப்பிலிருந்து வாசல் கேட் வரைக்கும் பெட்டிகள் வளைந்து வளைந்து போகும்.

ஜெசிந்தா மட்டும் தள்ளி, கதவோரம் நிற்பாள். கார்டு. அவள் பச்சைத் துணியை ஆட்டினால்தான் ரயில் நகரும்.

கைகோத்து வட்டம் சுற்றும் விளையாட்டில் அவள் நடுவில் நிற்கிற பூ.

பூனையும் எலியும் விளையாடும்போது அவள் விசில் ஊதுகிற நடுவர்.

எல்லாம் டீச்சர் யோசித்து யோசித்துக் கொடுத்த வேலைகள்.

ஜூன் மாதம் இரண்டு அம்மாக்கள் கேட்டருகே வந்து நின்றார்கள். ஜெசிந்தாவின் விரல்களிலும் புறங்கையிலும் இருந்த வெள்ளைத் திட்டுகளைப் பற்றிக் கேட்டார்கள். அது ஒட்டாது, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றாள் டீச்சர்.

“டாக்டரு சொல்லுவாரு. நாளைக்கு எம்பிள்ளைக்கு வந்துட்டுன்னா டாக்டரா வந்து கெட்டிக்கிடுவாரு?”

டீச்சர் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள். மறுநாள் தன் பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பச்சைக் கொடி தைத்துக்கொண்டு வந்தாள்.

யார் மனமும் நோகாமல் முடித்துவிட்டதாக அன்று ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

காலை ஜெபத்தில் மட்டும் அவளுக்கு யோசனை தேவையில்லை. கை கூப்பும்போது யார் கையும் யாரையும் தொட வேண்டாம்.

பனங்கிழங்கின் வாசனை வகுப்பு முழுவதும் பரவியது. பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வரி மறந்துபோயிற்று.

மதியம் மணி அடித்தது. பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வரிசை கட்டினார்கள். ஜெசிந்தா கொடியோடு கதவோரம் போனாள். கண்ணில் இன்னும் காய்ச்சல் பளபளத்தது.

“ஜெசிந்தா, இன்னைக்கு நீதான் இஞ்சின்.”

அவள் கொடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“நான் என்ன செஞ்சேன் டீச்சர்?”

“நீ ஒண்ணும் செய்யலம்மா.”

ஜெசிந்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். கொடியைக் கசங்காமல் மடித்து ஜன்னலில் வைத்தாள். வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகவே இருந்தது.

“டென்சில், போய்ப் பிடி.”

டென்சில் கேட்டைப் பார்த்தான். அங்கே அம்மாக்கள் வந்து நின்றிருந்தார்கள்.

“எங்கம்மா பாக்காங்க டீச்சர்.”

அவன் பயத்தைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு முகம் இல்லை. அது அவளிடம் படித்த பாடம்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் காலி இடத்தில் அவளே போய் நின்றாள். குனிந்து, ஜெசிந்தாவின் தோள்களில் இரண்டு கைகளையும் வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் பெட்டி, டீச்சர் பெட்டி என்று ஒருவன் கத்தினான். டென்சில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவன் பின்னால் மற்றவர்கள்.

கை பட்டதும் ஜெசிந்தாவின் தோள் கூசிக் குறுகியது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பழக்கமில்லாத பிள்ளை.

கூவினாள். ரயில் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கியது.

பாதித் தூரத்தில், தோளில் இருக்கும் கை நிஜந்தானா என்று பார்ப்பதுபோல, ஜெசிந்தா தன் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். சுடுகிற சின்ன விரல்கள்.

உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ரயில் நின்றது.

“டீச்சர், எங்கை பட்டுட்டு.”

குரலில் வருத்தமே இல்லை. செருப்பு வார் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீங்க போயி சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. நான் ரயில நிப்பாட்டி வைக்கேன்.”

யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருந்தாள். பூவாக நின்றபோதும், விசில் ஊதியபோதும், எல்லா நாளும்.

கேட்டருகே பேச்சு அடங்கிவிட்டது.

அவள் சுற்றிவந்து பிள்ளையின் முன்னால் மண்ணில் முட்டி போட்டாள்.

“கையத் தா, மக்களே.”

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். கையைக் கவுன் மடிப்புக்குள் இன்னும் ஆழமாக ஒளித்துக்கொண்டாள். டீச்சருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது.

இழுத்தால் வந்துவிடும் கைதான்.

அவள் இழுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையை நீட்டியபடி காத்திருந்தாள்.