கப்பலுக்கு ஒரு மீன்

கடற்படை ஓய்வு கொடுத்து அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கும் போர்க்கப்பலில், ஏறும் படியருகே நின்று பைகளைச் சோதிப்பது என் வேலை. அன்று காலை கஸ்பார் என்ற மீனவர் வாழையிலையில் சுற்றிய சீலா மீனோடு வந்தார். சாப்பாட்டுப் பொருளுக்கு அனுமதியில்லை என்றேன்.

"எனக்கில்ல சார், கப்பலுக்கு."

பதினெட்டு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து, ஐஸ்பெட்டியைப் பிடித்தபடி இரண்டு நாள் மிதந்தவரை இந்தக் கப்பல்தான் தூக்கியதாம். கடலில் தன்னைத் தூக்கிவிட்ட படகுக்கு, அடுத்துப் பிடிக்கும் மீனில் ஒன்றைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். "மீனோட துறைமுகத்துக்கு எத்தன வாட்டி போயிருப்பேன்! கேட்டத் தாண்டி விடல. இப்பதான் டிக்கெட் எடுத்தா விடுறாங்க."

அன்று மட்டும் விதியை மறந்து, அவரைக் கப்பலின் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு சமையல்காரப் பொம்மை காலி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தது.

"இங்கதான் கஞ்சி குடுத்தாங்க," என்று இரும்புச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பொம்மையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப கப்பல்ல உசுரோட யாரு சார் இருக்கா?"

"நான் ஒருத்தன்தான். ஆனா நான் கடலுக்கே போனதில்லங்க."

"அதனால என்ன சார்," என்று மீனை நீட்டினார்.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் மீனைத் தொட்டதில்லை.