ரொட்டிப் பை

சாவியைத் திரும்ப வாங்கப் படியேறியபோது, மூன்றாம் மாடிக் கதவின் கைப்பிடியில் என் தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளை உறை. போன வாரம்தான் புதிதாக வாங்கியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, இடையில் அவர்கள் அடிக்கும் கூத்தையெல்லாம் துடைப்பது. படுக்கையில் மதுவைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்கனியில் மீன் சுட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தலையணை உறையை வாசலில் மாட்டியவர்களை இன்றுதான் பார்க்கிறேன்.

அதுவும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், பரெய்ரோவில் இருக்கும் வயதான தம்பதி. படகேறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. முன்பதிவில் அந்த அம்மாளின் பெயர் இதலீனா என்று இருந்தது. பெட்டியும் கையுமாக முந்தாநாள் வந்து நின்றபோது, லிஸ்பனைச் சுற்றிப் பார்க்க இவர்களுமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கதவைத் தட்டினேன். அந்த அம்மாள்தான் திறந்தார். நான் உறையைச் சுட்டிக்காட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத மகளே. நேத்து படுக்கப் போறப்ப இவரு ரொட்டிப் பை எங்க, ரொட்டிப் பை எங்கன்னு ஒரே ரகளை. கைக்கு அதுதான் கெடச்சுது. தொவச்சுக் குடுத்துடறேன்."

என் அம்மா காலத்துப் பழக்கம் அது. படுக்கப்போகுமுன் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு துணிப்பையை மாட்டுவார்கள். விடிவதற்குள் ரொட்டிக்கடைக்காரன் வந்து அதில் சூடாகப் போட்டுவிட்டுப் போவான். இப்போது இந்தத் தெருவில் ரொட்டிக்கடையே கிடையாது. அந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு மத்தி மீன் பொம்மை விற்கிறார்கள்.

"ரொட்டிக்கு என்ன பண்ணீங்க?"

"விடிஞ்சதும் நான்தான் கீழ எறங்கிப் போனேன். சூப்பர்மார்க்கெட் தெறக்குற வரைக்கும் வாசல்லயே நின்னு வாங்கியாந்து, சத்தம் போடாம அதுக்குள்ள வெச்சுட்டேன்."

உள்ளே ஜன்னலோரம் பெரியவர் ஒராசியோ ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த ஜன்னல் லேசில் திறக்காது. வருகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இவரோ வந்த அன்றே முழங்காலால் கீழ்ச்சட்டத்தில் ஓர் இடி இடித்துத் திறந்துவிட்டார். அவர் வாழ்ந்த வீடு இது என்று அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று.

அம்மாளும் அதை மறைக்கவில்லை. "ஞாபகம் போயிடுச்சு மகளே," என்று அன்றைக்கே சொன்னார். "தெனம் சாயங்காலமானா தொப்பியப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னுக்குவாரு. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு. எல்லாம் மறந்துபோச்சு, இந்தத் தெருவும் கதவு நம்பரும் மட்டும் மறக்கல. அதான் ஒருதடவ கூட்டியாந்துட்டேன்."

இப்போது அவரைக் கிளப்ப வேண்டும். அடுத்த விருந்தாளிகள் மதியம் வந்துவிடுவார்கள்.

"கெளம்பலாமா ஐயா?" என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க கெளம்புறது? இது என் வீடு. லூர்தெஸ், யாரு இந்தப் பொண்ணு?"

இரண்டு நாளாக அம்மாளை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

கீழே படிக்கட்டில் பெட்டிச் சக்கரங்கள் தடதடத்தன. பாவிகள், சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஒரு மனிதரை அவருடைய வீட்டிலிருந்தே நான் வெளியே பிடித்துத் தள்ளுவது போல இருந்தது.

அம்மாள் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"அக்கரையில உங்க தங்கச்சி சமைச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருப்பா. படகுல ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம், வாங்க."

"சாயங்காலம் திரும்பிடணும்."

"திரும்பிடலாம்."

எழுந்துவிட்டார். தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசலில் மூச்சு வாங்க நின்ற டச்சுக் குடும்பத்தைப் பார்த்ததும், குன்றின் மேலிருக்கும் கோட்டைக்கு வழி தேடுகிறவர்கள் என்று நினைத்து, "கோட்டைக்கா? இன்னும் மேல ஏறணும்," என்று பெரிய மனதோடு கைகாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மாள் மட்டும் பின்தங்கினார். கைபேசியை எடுத்து ஜன்னலை, அடுப்பு மேடையை, கதவின் கைப்பிடியை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்.

"நெறைய மாத்திட்டாங்க இல்லம்மா? நீங்க குடியிருந்தப்ப எப்படி இருந்துதோ."

"எனக்கென்ன தெரியும் மகளே?" அவர் கைபேசியைப் பைக்குள் வைத்தார். "இந்த வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வெச்சதே முந்தாநேத்துதான். லூர்தெஸ் அவரோட மொத சம்சாரம். அவ போய்ச் சேந்தப்பறம்தான் என்னைக் கட்டுனாரு. நாங்க இருபத்தாறு வருசமா பரெய்ரோவுலதான் குடும்பம் நடத்துறோம்."

கீழேயிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "லூர்தெஸ்! கதவ நல்லாப் பூட்டுனியா?"

இதலீனா சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பூட்டிட்டேங்க," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.